இழுக்காத வண்டியின் விலை

ஜூன் 1, ஞாயிறு

இன்று காலை எட்டே முக்காலுக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். இரண்டு வாரம் யோசித்து, மனைவியிடம் ஒருமுறையும், முகம் தெரியாத அறுபத்திரண்டு பேரிடம் பலமுறையும் கலந்து பேசி எடுத்த முடிவு. வண்டியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைக் கொக்கியின் இரும்புக் குண்டுக்கு இனி கறுப்பு ரப்பர் மூடி. சிவப்பும் கிடைக்கிறது. ஆனால் சிவப்பு, 'இங்கே ஒரு கொக்கி இருக்கிறது, இது எதையோ இழுத்திருக்கிறது' என்று வாங்க வருபவனிடம் சொல்லிவிடும். கறுப்பு வாய் திறக்காது.

பூசைக்குக் கிளம்பி வந்த மனைவி தெரேசா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"போட்டாச்சா? இனிமே மழையில தலை நனையாது."

வண்டி பதினோரு வருடப் பழைய ஆடம்பர ஃபோர்வீல், நான்கு சக்கரமும் உந்தும் கார். ஆற்றைக் கடக்கும், மலை ஏறும், மூன்றரை டன் இழுக்கும் என்று செய்தவர்கள் சொல்கிறார்கள். என்னிடம் இருக்கும் இந்த மூன்று வருடத்தில் அது ஏறிய மிக உயரமான இடம், கர்னி பக்கம் ஒரு பேரங்காடியின் நாலாவது மாடிக் கார் நிறுத்தம்.

முப்பத்து மூன்று வருடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். இந்த மாதிரி வண்டிகளிலிருந்து வக்கீல்கள் இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓய்வு பெற்றதும் சேமநிதியில் கணிசமான பங்கை எடுத்து ஒன்று வாங்கினேன். இதற்கு மேல் எனக்கே விளக்கம் தெரியாது. கிறிஸ்துமஸுக்குள் விற்றுவிடுவதாகத் திட்டம். போட்டதில் பெரும்பகுதி திரும்பி வந்தால் நான் முட்டாள் இல்லை. வராவிட்டால் தெரேசா அன்றைக்கே சொன்னது சரி.

இந்த வண்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னோடு அறுபத்து மூன்று பேர். பேச்சு இரண்டே விஷயம்: மறுவிற்பனை விலை, இழுவை. விலை நன்றாக நிற்கிறது என்று விற்காதவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். விற்றவர்கள் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். பிரமாதமாக இழுக்கும் என்றும் எல்லோரும் சொல்கிறார்கள். இழுத்தவர் ஒருவரும் இல்லை. குழுவின் நிர்வாகி குகன், பட்டர்வொர்த்தில் பல் மருத்துவர், இரண்டையும் சேர்த்து ஒரே விதியாக்கி வைத்திருக்கிறார்: "இழுக்கும் அங்கிள், ஆனா இழுக்கக்கூடாது. இழுத்த வண்டிக்கு மார்க்கெட் இல்ல."

ஜூன் 3

மூடி நன்றாகப் பொருந்துகிறது.

ஜூன் 8, ஞாயிறு

டெரிக் வந்து வண்டியைக் கழுவினான். தொடர்ந்து நாலாவது ஞாயிறு.

தெரேசாவின் தம்பி. பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தான். மார்ச் மாதம் அவன் பிரிவையே மூடிவிட்டார்கள். போன மாதத்திலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் நேராக ஜெலுத்தோங்குக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறான். வாளியை எடுக்கிறான். சக்கர இடுக்குவரை தேய்க்கிறான். இன்று கொக்கிக்கு மட்டும் தனியாக ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ் கொண்டுவந்திருந்தான். ரப்பர் மூடியைக் கழற்றி, குண்டைத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி, மறுபடி மூடினான். பிறகு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல கெரெத்தா மச்சான்" என்றான், வண்டியைத் தட்டி.

"ஆமா" என்றேன்.

அவன் போனதும் தெரேசா பாத்திரம் கழுவினாள். வழக்கத்தைவிடச் சத்தமாக.

ஜூன் 15, ஞாயிறு

மறுபடி கழுவினான்.

சாயங்காலம் தெரேசாவே உடைத்துச் சொன்னாள். டெரிக்கும் அவன் மனைவி ஷெரிலும் அப்பக் கடை போடப் போகிறார்கள். கடை என்றால் சக்கரம் வைத்த கடை, வண்டியில் கட்டி இழுக்கிற மாதிரி. பைராம் தோட்டத்து தனேஷ் வெல்டிங் செய்து கொடுத்திருக்கிறான். வேலை நீக்கத்தில் வந்த பணம் அதிலேதான் நிற்கிறது, பாயான் பாருவில் அவர்கள் அடுக்குமாடியின் கீழே. முதல் வியாபாரம் அடுத்த மாதம், கடல் பாலத்துக்கு அக்கரையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவில். பத்து நாள். இடம் கிடைத்துவிட்டது. இழுத்துப் போக வண்டி கிடைக்கவில்லை.

"இது ஓடலன்னா அவன் ஜொகூர் போறான். அங்க தங்கி சிங்கப்பூர் வேலைக்குப் போய் வருவானாம். செப்டம்பர் ஒண்ணாந்தேதி வரச் சொல்லியிருக்காங்க. ஷெரிலும் பொண்ணும் இங்க. மாசத்துக்கு ஒரு தடவை பஸ்ல வருவான்."

"என்கிட்ட அவன் ஒண்ணும் கேக்கலையே" என்றேன்.

"எப்படிக் கேப்பான்? அக்கா புருஷன்கிட்ட?"

உண்மைதான். இந்தக் குடும்பத்தில் அக்கா கணவனிடம் யாரும் வாய் விட்டுக் கேட்பதில்லை. வருவார்கள், நிற்பார்கள், கையில் அகப்பட்ட வேலையைச் செய்வார்கள். அக்கா கணவன் தானாக உணர்ந்து கொடுக்க வேண்டும். உணராமல் இருக்கும் உரிமையும் அவனுக்கு உண்டு. நான் ஐந்து ஞாயிறாக அந்த உரிமையில் இருக்கிறேன்.

ஜூன் 17

குழுவில் பொதுவாக ஒரு கேள்வி போட்டேன். சும்மா ஒரு தகவலுக்காக, ஒரு டன் அளவு, ஒரே ஒரு முறை, பாலத்தைக் கடந்து இழுத்தால் விலை இறங்குமா?

இருபத்தெட்டு பதில்கள். கியர் பெட்டி தேயும். பின் ஸ்பிரிங் தாழும். குண்டின் மேல் கோடு விழும், அது போகாது. ஒருவர், தன் நண்பரின் நண்பர் ஒரே ஒருமுறை படகு இழுத்து, பிறகு விற்க முடியாமல் இன்னும் அந்த வண்டியையே வைத்திருப்பதாக எழுதினார். அந்த மனிதரின் பெயரைக் கேட்டேன். தெரியாதாம்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுதி வைக்கிறேன்.

டெரிக், ஷெரில், மகள் ஷார்லின் மூவரும் மதியச் சாப்பாட்டுக்கு இருந்தார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. நண்டுக் குழம்பைப் பற்றித்தான் பேச்சு. அப்போது நான், யாரோ கேட்டதுபோல, "அந்தப் பின்னால இருக்கிற கொக்கி வெறும் ஷோவுக்குத்தான். பளு தாங்காது. முதல்ல வச்சிருந்தவன் அழகுக்கு மாட்டியிருக்கான், பேப்பர்லகூட இல்ல" என்றேன்.

பேப்பரில் இருக்கிறது. கொக்கிக்கான அனுமதிக் கடிதம் என் மேசை இழுப்பறையில், நீல உறையில்.

டெரிக், "ஓ, அப்படியா மச்சான். பாத்தா ஸ்ட்ராங்கா தெரியுது" என்று சொல்லி, என் தட்டில் ஒரு நண்டுக் காலை எடுத்து வைத்தான். ஷார்லினுக்குப் பதினேழு வயது, அவளுக்கு இந்த மரியாதையெல்லாம் இன்னும் படியவில்லை. "அப்ப அங்கிள், அந்த கெரெத்தாவுக்கு வேற என்னதான் வேலை?" என்றாள். ஷெரில் மேசைக்குக் கீழே அவளைக் கிள்ளியிருக்க வேண்டும். "ஆ!" என்றாள்.

நீதிமன்றத்தில் எத்தனை பேருடைய பொய்யை மொழிபெயர்த்திருக்கிறேன்! ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். அப்போதெல்லாம் நினைப்பேன், இவனுக்கு இதைச் சொல்லும்போது வாய் எப்படி உலராமல் இருக்கிறது என்று. உலரும். உடனே தண்ணீர் குடித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஜூன் 29, ஞாயிறு

டெரிக் வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான்.

அதே வாளி. அதே பிரஷ். கொக்கியையும் துடைத்தான். முதலில் புரியவில்லை. ராத்திரி படுத்த பிறகு புரிந்தது. வராமல் நின்றுவிட்டால், இத்தனை நாள் அதற்காகத்தான் கழுவினான் என்று ஆகிவிடுமே. அப்படி நான் நினைத்துவிடக் கூடாதாம். ஆகவே இனி எல்லா ஞாயிறும் வருவான். எனக்கும் அவனுக்கும் கை கால் உள்ளவரை வருவான்.

எழுந்துபோய்ச் சொல்லிவிடலாமா? என்னவென்று? பேப்பரில் இருக்கிறது டெரிக், நான்தான்... வேண்டாம்.

ஜூலை 5

அப்துல் அஜீஸ் வந்து வண்டியைப் பார்த்தார். எனக்கு இதை விற்றவரே அவர்தான். பழைய கார் வியாபாரத்தில் முப்பது வருடம். சுற்றி வந்தார், குனிந்தார், முகர்ந்தார்.

"சும்மா சொல்லக்கூடாது சார், புதுப் பொண்ணு மாதிரி வச்சிருக்கீங்க. இழுத்தீங்களா?"

"இல்லை."

"நீதிமன்றத்துல இருந்தவங்க. நம்பலாம்."

அவர் சொன்ன விலை நான் நினைத்ததற்குப் பக்கத்தில் வந்தது. மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் முயன்றேன்.

ஜூலை 12, சனி

அஜீஸ் ஓர் ஆளை அனுப்பினார். ஷாஹிரா, நாற்பது வயது இருக்கும், நிபோங் திபாலுக்கு அப்பால் ஆற்று முகத்தில் கூண்டு போட்டு மீன் வளர்க்கிறாராம். மண் ஒட்டிய பூட்ஸ். தாய் தமிழ், தகப்பன் மலாய், பேச்சு இரண்டிலும். வண்டியின் தோல் இருக்கை, மர அலங்காரம் எதையும் பார்க்கவில்லை. நேராகப் பின்னால் போய் ரப்பர் மூடியைக் கழற்றினார்.

"படகு இழுக்கணும் அங்கிள். இது என்ன இழுத்திருக்கு?"

பெருமையோடு சொன்னேன்: "ஒன்றுமே இழுத்ததில்லை."

"பதினோரு வருஷமா?"

"ஒரு நாள்கூட."

அவர் முகத்தில் மரியாதை வரும் என்று காத்திருந்தேன். வந்தது வேறு. வேலைக்கு ஆள் கேட்டு வந்தவர், வேலைக்கு நிற்பவனின் கையைத் தொட்டுப் பார்க்கிற பார்வை.

"இழுக்காத வண்டி இழுக்கும்னு எப்படி நம்புறது? நாளைக்குப் படகைக் கொண்டு வர்றேன், சும்மா கரை ஏத்திப் பாப்போம். போலே? முடியும்ல?"

முடியாது என்றேன். நீங்கள் இழுத்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால், அடுத்தவரிடம் நான் என்ன சொல்வது? அவர் மூடியை மறுபடி போட்டு, ஒரு தட்டு தட்டினார்.

"பத்திரமா வச்சுக்குங்க அங்கிள்."

குழுவில் இதை எழுதினேன். பதினாறு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். குகன், "சரியான முடிவு" என்றார். தெரேசா உள்ளே துணி மடித்துக்கொண்டு இருந்தாள். "அந்தப் பொம்பளை கேட்டது நியாயந்தான்" என்று மட்டும் சொன்னாள், துணியிடம்.

ஜூலை 16, புதன்

தெரேசா காலையிலேயே பாயான் பாரு போய்விட்டாள், ஷெரிலுக்கு உதவியாக. தனேஷ் தன் பழைய பிக்கப்பில் கடை ட்ரெய்லரை நாளை இழுத்துப் போகிறானாம். நல்லது. பிரச்சினை தீர்ந்தது.

நிம்மதியாக இருக்கிறேனா? இருக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். சாட்சி சொல்பவர்களுக்கு நான் எப்போதும் சொன்னது அதுதான்.

பகல் ஒன்றரைக்குத் தெரேசா போன் செய்தாள். தனேஷின் பிக்கப் அடுக்குமாடி வாசலின் ஏற்றத்திலேயே நின்றுவிட்டது. கிளட்ச் போய்விட்டது. வேறு இரண்டு பேரிடம் கேட்டாகிவிட்டது, வேலை நாள், யாரும் வரவில்லை. திருவிழா நாளை தொடக்கம். இன்று ஆறு மணிக்கு மேல் கோயில் வளாகத்தில் வாகனத்தை விடமாட்டார்கள். ஆறுக்குள் ட்ரெய்லர் போய் நிற்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு.

"சரி" என்றேன்.

"மாவு அரைச்சாச்சு. நாலு அண்டா" என்றாள். "டெரிக் ஷெரில்கிட்ட, விடு, ஜொகூருக்கே போயிடுறேன்னு சொல்லிட்டு இருக்கான். சிரிச்சுக்கிட்டே சொல்றான்." அப்புறம் வைத்துவிட்டாள். அவளும் கேட்கவில்லை. என் மனைவி, முப்பத்தைந்து வருடம் என்னோடு வாழ்ந்தவள், அவளும்கூடக் கேட்கவில்லை!

மேசை இழுப்பறையைத் திறந்து நீல உறையை எடுத்தேன். சட்டைப் பையில் வைத்தேன். கிளம்பினேன்.

அங்கே போனபோது டெரிக் ட்ரெய்லரின் படியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான், பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டு. நான் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தி இறங்கினேன். என்ன சொல்வது என்று வழி முழுதும் யோசித்து வைத்திருந்தேன். மூன்று வாக்கியம். முதல் வாக்கியத்தைத் தொடங்கினேன், "டெரிக், அன்னைக்கு நான் சொன்னது..."

அதற்குள் அவன் கொக்கிக்குப் பக்கத்தில் குந்திவிட்டான். தனேஷைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் தட்டினார்கள், ஆட்டினார்கள். பிறகு டெரிக் நிமிர்ந்து, அக்கம் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான்:

"மச்சான், தனேஷ் பாத்துட்டான், இது நல்லா தாங்குமாம். உங்களுக்கு வித்தவன்தான் தெரியாம தப்பா சொல்லியிருக்கான்லா."

தனேஷுக்கு முதலில் விளங்கவில்லை. டெரிக் முகத்தைப் பார்த்தான். "ஆமாண்ணே" என்றான், "வித்தவனுங்களுக்கு என்ன தெரியும்?"

முப்பத்து மூன்று வருடத்தில் இப்படி ஒரு மொழிபெயர்ப்பை நான் செய்ததில்லை. உறையைப் பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் அவன் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

விளக்கு வயரைப் பொருத்த ஒரு மணி நேரம். மூன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். டெரிக் என் பக்கத்தில், பின் இருக்கையில் மாவு அண்டாக்களைப் பிடித்துக்கொண்டு ஷார்லினும் தெரேசாவும். தோல் இருக்கை. ஷெரில் தனேஷோடு மோட்டார் சைக்கிளில்.

பாலத்தின் மேல் ஐம்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்தன. நான் கியர் பெட்டியின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன், காய்ச்சல் குழந்தையின் மூச்சைக் கேட்பதுபோல. ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் ஒரு டன் தொங்குகிறது என்பதே வண்டிக்குத் தெரிந்த மாதிரி இல்லை. பாலத்தின் நடு உயரத்தில் டெரிக், "இழுக்குது மச்சான்" என்றான். ஷார்லின், "அதானே அதோட வேலை" என்றாள். இந்த முறை யாரும் கிள்ளவில்லை.

ஐந்து மணி நாற்பதுக்கு வளாகத்தில் நுழைந்தோம். அங்கேதான் நடந்தது. ட்ரெய்லரோடு பின்னால் போகும்போது ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினால் அது வலது பக்கம் போகும். வருடக்கணக்கில் இழுவையைப் பற்றிப் பேசிய குழுவில் ஒருவரும் சொல்லாத செய்தி. ட்ரெய்லர் மடங்கி வந்து அதன் மூலை என் பின் கதவில் இறங்கியது. ஒரு சாண் பள்ளம். விளக்கும் உடைந்தது.

"மச்சான்!" டெரிக் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ மச்சான், நான் காசு கட்டித் தர்றேன், நான்..."

"மணி என்ன?" என்றேன்.

"அஞ்சு அம்பது."

"அப்ப கையால தள்ளுங்க."

ஏழெட்டு பேர் வந்து தள்ளினார்கள். ஐந்து ஐம்பத்தேழுக்கு ட்ரெய்லர் அதன் இடத்தில் நின்றது.

ஜூலை 18

கை வலிக்கிறது. அப்பம் நன்றாக இருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

திருவிழா முடிந்தது. பத்து நாளில் எட்டு நாள் நானும் இருந்தேன். தேங்காய்ப்பால் ஊற்றும் பொறுப்பு எனக்கு. மூன்றாவது நாள் ஷார்லின், "அங்கிள், மரியாதையா சொல்றேன், உங்க கை ரொம்பத் தாராளம். அப்பம் நீந்துது" என்றாள். அதிலிருந்து சிறிய கரண்டி. கடைசி நாள் மாலை நாலு மணிக்கே மாவு தீர்ந்துவிட்டது. மெழுகுவர்த்தி ஊர்வலத்துக்கு வந்தவர்கள் காலி அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். டெரிக் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தான், அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ட்ரெய்லரைத் திரும்ப இழுத்து வந்தேன். பின்னால் எடுக்கும் வேலையைத் தனேஷிடம் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3

அப்துல் அஜீஸ் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"இழுத்தீங்களா சார்?"

"இழுத்தேன்."

"எத்தனை தடவை?"

"இரண்டு."

பெருமூச்சு விட்டார். "ஒண்ணுன்னு சொல்லியிருக்கலாம்" என்றார். பழைய விலையிலிருந்து பதினெட்டாயிரம் வெள்ளியைக் குறைத்தார். என்னைப் பார்த்த பார்வை மட்டும் நான் ஏதோ சொந்தக்காரரை இழந்துவிட்டதுபோல இருந்தது. தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 4

உரிமையாளர்களின் கருத்தை இவ்வளவு காலம் படித்தவனுக்குத் தன் கருத்தைச் சொல்லும் கடமையும் உண்டு. குழுவில் எழுதினேன்: 'ஒரு டன்னுக்கு மேல், பாலத்தின் மேல், போக வர இழுத்தேன். மிக நன்றாக இழுக்கிறது.'

ஐம்பத்தொரு பேர் படித்தார்கள். யாரும் கட்டைவிரல் உயர்த்தவில்லை. கால் மணி நேரத்தில் குகன் தனியாகக் குரல் செய்தி அனுப்பினார்: "அங்கிள், தயவுசெய்து அதை டெலீட் பண்ணிடுங்க. வாங்க வர்றவங்களும் குரூப்ல இருக்காங்க. இழுக்கிற வண்டின்னு பேர் வந்துட்டா நம்ம எல்லாருக்கும் விலை விழுந்துடும்."

அழிக்கவில்லை. சாயங்காலம் நான் குழுவில் இல்லை என்று திரையில் வந்தது.

ஆகஸ்ட் 16, சனி

பைராம் தோட்டத் தமிழ்ப்பள்ளி நன்கொடை விழா. செம்மண் பாதை, மழை பெய்து சேறு. முதல்முறையாக வண்டியின் நான்கு சக்கரமும் வேலை செய்தன என்று நினைக்கிறேன். கதவுக் கைப்பிடிவரை சேறு. இருநூற்று எண்பது அப்பம்.

பின்னால் எடுக்கத் தனேஷ் கற்றுக்கொடுத்தான். "ஸ்டீயரிங்கோட அடியைப் பிடிங்கண்ணே, கை எந்தப் பக்கம் போகுதோ அது அந்தப் பக்கம் போகும்." நாலாவது முயற்சியில் வந்தது.

ஆகஸ்ட் 28

டெரிக் ஜொகூருக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டானாம். தெரேசா சொன்னாள். ஷெரில் அழுதாளாம். ஏன் என்று கேட்டேன். "உங்களுக்கு எல்லாத்தையும் மொழிபெயர்க்கணுமா?" என்றாள்.

செப்டம்பர் 13, சனி

நிபோங் திபால் இரவுச் சந்தையில் நிரந்தர இடம் கிடைத்துவிட்டது. சனிதோறும். பிக்கப்புக்கு கிளட்ச் மாற்றியாகிவிட்டது, ஆனால் தனேஷ் சனிக்கிழமை ஓவர்டைம் போகிறான்.

டெரிக் இன்று வீட்டுக்கு வந்து, பந்தயத்தில் ஓடுபவன் போல ஒரே மூச்சில் சொன்னான்: "மச்சான், சனிக்கிழமை சனிக்கிழமை நீங்க இழுக்க முடியுமா?" சொல்லிவிட்டு வியர்த்து நின்றான். தெரேசா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

முடியும் என்றேன்.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் தபால் நிலையம் போய் வண்டியின் சாலை வரியைப் புதுப்பித்தேன். ஆறு மாதத்துக்கா, ஒரு வருடத்துக்கா என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டார். ஒரு வருடத்துக்கு எடுத்தேன்.